முதலில் பிரேக், பிறகுதான் பிக்கப்



யமஹா ஆர்.எக்ஸ் 100 பற்றி இந்த இதழில் எப்போது எழுதினாலும் கடிதங்கள் குவிந்துவிடும். “அப்பா ஓட்டின வண்டி, விற்க மனசு வரலை” என்று தொடங்குபவைதான் அதிகம். நாலு வரி தள்ளி எல்லாமே ஒரே கேள்விக்கு வந்து சேரும்: வேறு வண்டிப் பாகங்களில் எதை இதில் மாட்டலாம்? ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லையே என்ற குறை மனதில் இருந்துகொண்டே இருந்தது. இந்த முறை ஆசிரியர் பக்கம் முழுவதும் அதற்கே.

எண்பதுகளின் நடுவில் பிறந்த வண்டி இது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, கவாசாகி பஜாஜ் என்று ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் நூறு சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து இறங்கிய காலம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-இல் ஆர்.எக்ஸ் 100-ஐக் கொண்டுவந்தது. 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், ஏறக்குறைய நூறு கிலோ எடை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 1996-இல் உற்பத்தி நின்றது. ஆகவே கடைசியாக ஆலையை விட்டு வந்த வண்டிக்கே வயது முப்பதை எட்டிவிட்டது. அத்தனை வருடத்தில் ரப்பர் வெடிக்கும், வயர் இற்றுப்போகும், புஷ் தேயும். அசல் பாகம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தால் விலை கையைக் கடிக்கிறது. அதனால் இன்று பாகம் மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஆசைக்காக மாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் வேகம் போதவில்லை என்று யாரும் கஷ்டப்பட்டதில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். இந்த வண்டி வந்த காலத்தில் சாலையில் இருந்த கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. இன்று முன்னால் போகிற வண்டி டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ்ஸும் வைத்திருக்கிறது, அதை ஓட்டுபவர் பிரேக் பிடித்ததும் நின்றுவிடுவார், நாம் நிற்க மாட்டோம். ஆகவே இரவல் பாகம் என்று ஒன்று இந்த வண்டிக்குள் வருவதானால் முதலில் வர வேண்டியது முன்பக்க டிஸ்க். எனக்கு வரும் கடிதங்களிலோ பத்தில் எட்டுப் பேர் கார்புரேட்டரில் ஆரம்பிக்கிறார்கள்.

டிஸ்க் மாட்டுவது என்பது டிஸ்க்கை மட்டும் மாட்டுவதல்ல. காலிப்பரைப் பிடிக்க இடமுள்ள ஃபோர்க் வேண்டும். அந்த ஃபோர்க்கைப் பிடிக்கும் டி-ஸ்டெம் வேண்டும். டிஸ்க்கைத் தாங்கும் சக்கரம், அச்சு, ஹேண்டிலில் மாஸ்டர் சிலிண்டர், நடுவில் ஹோஸ் என்று முன்பக்கம் முழுவதும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். காலிப்பர் ஒரு கம்பெனி, மாஸ்டர் சிலிண்டர் இன்னொரு கம்பெனி என்று கலப்பவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் காலிப்பரின் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து அளவெடுக்கப்பட்டவை. அந்தக் கணக்கு மாறினால் லீவர் கல் மாதிரி இறுகும், இல்லையென்றால் கைப்பிடி வரைக்கும் வந்து தொடும். இரண்டுமே ஆபத்து. பழைய காலிப்பர் வாங்கலாம், தவறில்லை. ஆனால் சீல் கிட், பிரேக் பேட், ஹோஸ் மூன்றும் புதிதாக இருக்கட்டும். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலையின் நுணுக்கம் எல்லாம் ஸ்டெம்மில் இருக்கிறது. வேறு வண்டியின் ஸ்டெம் ஆர்.எக்ஸ் சேஸிஸின் தலைக்குழாய்க்கு நீளத்தில் சரியாக இருக்காது, ஸ்டெம் சுழலும் கோன் செட்டின் அளவும் மாறும். நல்ல மெக்கானிக் இந்த இடத்தில் அவசரப்பட மாட்டார். இரண்டு கோன் செட்டையும் பக்கத்தில் வைத்து வெர்னியர் பிடித்து அளப்பார். பொருந்தும் பேரிங்கைத் தேடுவார். அதுவும் சரிவராவிட்டால் லேத்தில் கொடுத்து இரும்பில் புஷ் கடைந்து வாங்குவார். புஷ் கையால் அழுத்தி இறங்கக் கூடாது, தட்டித்தான் இறங்க வேண்டும். மாட்டியதும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். எங்கும் கட்டாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தானே சாய வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். ‘டக்’கென்று ஒரு ஆட்டம் கையில் தெரிந்தால் மறுபடி அவிழ்ப்பார். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபோர்க் டேங்கில் இடிக்கிறதா, ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் எங்காவது உரசுகிறதா என்பதும் அங்கேயே பார்க்க வேண்டியவை. ஸ்டெம்மை அறுத்து வெல்டு வைத்து நீளம் சரிக்கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் உயிர் அந்த ஒரு குழாயை நம்பி இருக்கிறது.

சக்கர அளவையும் மறக்கக் கூடாது. ஆர்.எக்ஸ் 100-க்கு 18 அங்குலச் சக்கரம். பின்னாளில் வந்த பல வண்டிகளுக்கு 17. டயரின் பருமனோ ஃபோர்க்கின் நீளமோ ஈடுகட்டாவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து ஃபோர்க்கின் சாய்வு குறையும். வேகத்தில் ஹேண்டில் படபடக்கும். பெரிய வண்டியின் தடித்த டயரைப் பின்னால் திணிப்பதை நான் ஆதரிக்கவில்லை. செயின் டயரில் உரசும், ஸ்விங் ஆர்மைச் செதுக்கச் சொல்வார்கள், 11 குதிரைத்திறன் அந்தக் கனத்தை இழுத்தே களைத்துப்போகும். இந்த வண்டியின் அழகே அதன் மெலிவில் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். பழைய ஹெட்லைட், எஞ்சினின் மேக்னட் காயில் தரும் மின்சாரத்தில் எரிவது. அதனால்தான் ஸ்லோவில் நிற்கும்போது மங்கிப்போகிறது. பெரிய வண்டியின் 55/60 வாட் பல்பைப் போட்டால் காயிலால் தாங்க முடியாது. எல்.இ.டி. குறைந்த கரண்டில் எரியும், ஆனால் அதற்கு ஏ.சி. ஆகாது, ரெக்டிஃபையர், ரெகுலேட்டர், நல்ல பேட்டரி எல்லாம் சேர்த்து வயரிங்கை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பழைய ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகியதும் சுவரில் அடித்துப் பாருங்கள். ஒளி மேலே சிதறினால் எதிரே வருகிறவர் கண் கூசும்.

இப்போது பிக்கப். ஆர்.எக்ஸ் 100-இன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மில்லிமீட்டர், 98 சி.சி. அதே யமஹாவின் ஆர்.எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58; 132 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் 135-இன் பேரலைக் கொண்டுவந்து நூறில் ஏற்றுகிறார்கள். அதன் ஐந்து கியர் செட்டையும் மாட்டுகிறார்கள். ஒரே குடும்பத்துப் பாகங்கள் என்பதால் கைதேர்ந்தவர் செய்தால் நன்றாகவே ஓடும். ஆனால் அந்தப் பேரல் இறங்குவதற்காகக் கிராங்க் கேஸின் வாயை அகலமாக்கினால் பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடையாது. ஆர்.சி.யில் 98 என்றிருக்கும் வண்டி அதன் பிறகு 98 இல்லை.

கார்புரேட்டர் மாற்றுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் எண்ணெய் தனியாகப் போவதில்லை. உள்ளே போகும் பெட்ரோலோடு சேர்ந்து போகிறது. ஆர்.எக்ஸ்ஸில் ஆக்சிலரேட்டர் கேபிள் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கார்புரேட்டருக்கு, மற்றது ஆயில் பம்புக்கு. முறுக்க முறுக்கப் பெட்ரோலும் கூடும், டூ-டி ஆயிலும் கூடும். பெரிய கார்புரேட்டரை மாட்டிவிட்டு பம்பின் கேபிளைச் சரிசெய்யாமல் விட்டால் இந்தச் சேர்க்கை குலைந்துவிடும். பம்பையே கழற்றி எறிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அளந்து ஆயில் கலக்க வேண்டும். தம்பியோ மச்சானோ வண்டியை எடுத்துப்போய் பங்க்கில் வெறும் பெட்ரோல் அடித்தால் அன்றைக்கே எஞ்சின் போகும். மெயின் ஜெட் சிறியதாக இருந்தாலும் அதே கதிதான். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் பிஸ்டன் சூடேறி, வீங்கி, பேரலைக் கவ்விப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவர் பிழைப்பார். முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை டீத்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ஜெட்டைப் பெரிதாக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது கலவையை இன்னும் கொஞ்சம் மெலியச் செய்யும், பழைய பெட்ரோல் டியூபையும் ஓ-ரிங்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். ரப்பரை எல்லாம் மாற்றிவிட்டு ஜெட்டைத் தொடுங்கள்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரேக்கை நல்லதாக்கினேன் என்பது தானாக விலக்கு ஆகிவிடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். 1996-இல் பதிவான வண்டிக்கு முதல் 15 ஆண்டுகள் 2011-இல் முடிந்தன; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் முன்னால் வண்டி நிற்கும் நாள் எல்லோருக்கும் வரும். ரசீது இல்லாமல் எஞ்சின் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையப் படி ஏறவேண்டியது நீங்கள்தான்.

நம் மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய பாகக் குவியலுக்குள் கைவிட்டு, ஒரு அச்சைத் தொட்டதும் இது எந்த வண்டியுடையது என்று சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பொருத்தப் பட்டியல் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எது எதற்குப் பொருந்தும், எத்தனை மில்லிமீட்டர் கடைய வேண்டும் என்பதெல்லாம் ஒருவரோடு போய்விடக் கூடாத அறிவு. அதை எழுதி வைக்க ஒரு தமிழ் இதழால் முடியும் என்று நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். கழற்றிய அசல் பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஆயில் தடவி, சாக்கில் கட்டி, பரணில் போடுங்கள். சேஸிஸை மட்டும் யாரையும் அறுக்க விடாதீர்கள். அடுத்து, உங்கள் வண்டியில் எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, அதற்கு எந்தப் புஷ் எந்த அளவில் கடைய வேண்டியிருந்தது, எது சரிவரவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வேலை செய்த மெக்கானிக் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். வரும் கடிதங்களை நம் தொழில்நுட்பக் குழு சரிபார்த்த பிறகு, பக்கம் பக்கமாக வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்