பாடும் பிள்ளைக்கும் ஒரு பண்டிகை வேண்டாமா?

டிசம்பர் 24-ந் தேதி மாலை. ஆஸ்திரியா நாட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகையின் உச்ச நேரம் அதுதான்.

வீட்டுக் கூடத்தின் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பெரியவர்கள் கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வெளியே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளிருந்து சிறு மணி ஒன்று ஒலிக்கும். கதவு திறக்கும். மரத்தடியில் இருக்கும் பரிசுகளைக் குழந்தை யேசுவே வந்து வைத்துப் போனதாக அந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம்.

அந்த மணியோசை எட்டாத தூரத்தில் ஏறத்தாழ இருபது வியன்னாச் சிறுவர்கள் ஒரு கிறிஸ்துமஸைக் கழிக்க நேர்ந்தது. ஆண்டு 1939. இடம் ஆஸ்திரேலியா.

திரும்பி வர வழி இல்லை

அவர்கள் 'வியன்னா மொசார்ட் பாலர் பாடகர் குழு'வைச் சேர்ந்தவர்கள். ஜார்ஜ் குரூபர் என்பவரின் தலைமையில் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டு ஆஸ்திரேலியாவில் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது, 1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஜெர்மனியுடன் போர் மூண்டுவிட்டதாக ஆஸ்திரேலிய சர்க்கார் அறிவித்தது. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியிருந்தது 1938-ம் ஆண்டில். ஆகவே, நேற்றுவரை கைதட்டல் வாங்கிய சிறுவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள்! ஊர் திரும்ப வழியில்லை. நேரான தபால் போக்குவரத்தும் அறுந்தது.

மெல்பர்ன் நகரத்துப் பேராயர் டேனியல் மானிக்ஸ் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். கத்தோலிக்கக் குடும்பங்கள் சிறுவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டன. செயின்ட் பாட்ரிக் பேராலயத்தில் அவர்கள் பாடினார்கள்.

அந்த டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். வியன்னாவில் பனிக்காலம், மெல்பர்னில் கோடை. வியன்னாவில் மாலை ஆறு மணி என்றால் மெல்பர்னில் மறுநாள் விடியற்காலை மூன்று மணி. தாய் அங்கே மணியடிக்கும் வேளையில் பிள்ளை இங்கே அயர்ந்து தூங்குவான்; அல்லது தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். சில மாதப் பயணம் என்று கிளம்பிய பிள்ளைகள் அவர்கள். போர் முடியவே ஆறு ஆண்டுகள் ஆயின. தலைவர் குரூபர் 1941-ல் பாதுகாப்புக் காவலில் வைக்கப்பட்டார். சிறுவர்களில் பலர் ஆஸ்திரேலியாவிலேயே வேர்விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டெஃபான் ஹாக் பின்னாளில் அந்நாட்டின் பெயர்பெற்ற ஓபரா இயக்குநராக விளங்கினார்.

'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பார்கள். அந்த மெல்பர்ன் குடும்பங்கள் ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தன. அந்தப் புண்ணியத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊட்டுகிற கை எவ்வளவு அன்பான கையானாலும், அது தாயின் கை அல்ல.

குரலும் குறுகிய காலம், குழந்தைப் பருவமும் குறுகிய காலம்

போர் ஒரு விபத்து. விபத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் போர் இல்லாத காலத்திலும் பாடும் பிள்ளைகள் பண்டிகைக் காலத்தில் வீட்டைப் பிரிந்து ஊர் ஊராகப் போகிறார்களே, அது எதனால்?

காரணம் எளிது. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு டிசம்பரில்தான் கிராக்கி. எந்த மாதத்தில் பிள்ளைக்கு வீடு வேண்டுமோ, அதே மாதத்தில் அவன் குரல் உலகத்துக்கு வேண்டியிருக்கிறது.

புகழ்பெற்ற வியன்னா பாலர் பாடகர் குழுவை எடுத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன குழு வேறு, இது வேறு. மாக்ஸிமிலியன் சக்கரவர்த்தி 1498-ல் அரண்மனை இசைக்குச் சிறுவர்களைச் சேர்த்ததிலிருந்து இதன் சரித்திரம் தொடங்குகிறது. இன்று சுமார் நூறு சிறுவர்கள் நான்கு பிரிவுகளாக இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவும் ஆண்டில் ஒன்பது முதல் பதினோரு வாரம் வரை வெளியூர்ப் பயணத்தில் கழிக்கிறது. பத்து வயதை ஒட்டிச் சேரும் சிறுவனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்துவிடும். அதன் பிறகு அந்தக் குரல் திரும்பாது.

'ஆகையால்தான் இருக்கும் காலத்தில் பாடவிட வேண்டும்' என்பார்கள் ஒரு சாரார். நியாயமான வாதம்தான். ஆனால் அதே கணக்கு மறுபக்கத்துக்கும் பொருந்தும். சாத்திய கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் வயதும் அந்தச் சில ஆண்டுகள்தானே? குரல் போனால் திரும்பாது என்றால், அந்தக் கிறிஸ்துமஸும் போனால் திரும்பாது.

மறுப்பவர்கள் சொல்வது என்ன?

பாட்டால் ஏழைப் பிள்ளைகளுக்கு வாழ்வு கிடைக்கிறது என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை உண்டு. உகாண்டாவில் உள்நாட்டுப் போரால் பிள்ளைகள் படும் துன்பத்தைக் கண்டு ரே பார்னெட் என்பவர் 1984-ல் ஆப்பிரிக்கக் குழந்தைகள் பாடகர் குழுவைத் தொடங்கினார். அக்குழுவின் கச்சேரி வருமானம் பல பிள்ளைகளின் படிப்புக்கு உதவியிருக்கிறது. கடல் கடந்த அவர்களுடைய பயணங்கள் ஓராண்டுக்கு மேல் நீடித்ததும் உண்டு. ஓராண்டுக்கு மேல் என்றால் ஒரு கிறிஸ்துமஸாவது வெளிநாட்டில்தான்!

பள்ளிக்கூடம் கிடைப்பது பெரிய காரியம். அதற்காக ஒரு பண்டிகையை விட்டுக்கொடுக்கலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆனால் விட்டுக்கொடுப்பவன் யார்? ஏழு, எட்டு வயதுக் குழந்தை. கணக்குப் போடுகிறவர் ஒருவர், கடன் தீர்ப்பவர் வேறொருவர் என்றால், அந்தக் கணக்கை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டாமா?

'கைபேசியில் தாயின் முகத்தையே காட்டிவிடலாமே' என்றும் சொல்வார்கள். 1939-ல் இல்லாத வசதிதான். ஆனால் நியூயார்க்கில் பகல் பன்னிரண்டு மணி ஆகும்போது வியன்னாவில் மாலை ஆறு மணி. வீட்டில் மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் பிள்ளை ஒத்திகைக்குப் போக வேண்டியிருந்தால் கைபேசி என்ன செய்யும்?

வழி இருக்கிறது

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் கோயிலில் 1918 முதல் டிசம்பர் 24-ந் தேதி பாட்டு வழிபாடு நடக்கிறது. 1928-ல் அது முதன்முறையாக வானொலியில் ஒலித்தது. பதினாறு சிறுவர்கள் அதில் பாடுகிறார்கள். பள்ளி விடுமுறை விட்டுத் தோழர்கள் வீடு போன பிறகும் இவர்கள் தங்கித்தான் பாட வேண்டும். ஆனால் இங்கே பிள்ளை ஊர் சுற்றவில்லை. பெற்றோர் வந்து கேட்கலாம். கிறிஸ்துமஸ் தின வழிபாடு முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். கலையும் கெடவில்லை, குடும்பமும் பிரியவில்லை.

பயணக் குழுக்களை நடத்துகிறவர்கள் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முடிந்தவரை, பண்டிகைக்குள் பிள்ளை வீடு சேரும்படி பயணத்தை அமைக்க வேண்டும். முடியாவிட்டால், 24, 25 தேதிகளில் டிக்கெட் கச்சேரி வைக்கக் கூடாது. அன்று அவனை ஒரு வீட்டில், சொந்த ஊர்ப் பலகாரத்தோடு, தாயுடன் பேசப் போதிய நேரத்தோடு இருக்கவிட வேண்டும். மூன்றாவதாக, புறப்படுமுன் அவனையே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'வரவில்லை' என்று சொன்னால் கோபிக்கக் கூடாது. அன்று அவன் அழுதாலும் அதட்டக் கூடாது.

ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கிராமத்துக் கோயிலில் 1818-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் பிறந்த 'சைலன்ட் நைட்' பாட்டு இன்று உலகமெங்கும் ஒலிக்கிறது. அது ஒரு குழந்தையின் உறக்கத்தைப் பற்றிய பாட்டு. பக்கத்திலே தாய் இருக்கிறாள்.

அந்தப் பாட்டைப் பாடும் குழந்தைக்கு மட்டும் அந்த இரவில் தாய் பக்கத்தில் இல்லை என்றால், கேட்கிறவர்கள் கைதட்டுமுன் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.