ஊர் யாருடைய நினைவு? விடுதி யாருடைய வரலாறு?

பொங்கல் வந்துவிட்டால் நம் கைப்பேசிகளுக்குள் கிராமம் புகுந்துகொள்ளும். ஆலமரம், திண்ணை, மாட்டுவண்டி, பாட்டியின் கைப்பக்குவம். பின்னணியில் ஒரு சோகப் பாட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்தக் காணொலிகளை எடுக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரே ஒரு கேள்வி: உங்கள் கேமரா எந்தத் தெருவில் நிற்கிறது?

என் ஊரிலும் ஆலமரம் இருந்தது. அதன் மேடை ஊர்த்தெருக்காரர்களுக்கு. திண்ணைகளும் இருந்தன. அவற்றில் என் தாத்தா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்றுதான் கூலி கேட்பார். பத்து வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லி "வாடா" என்பான். எழுபது வயதுக்காரர் "வரேன் ஆண்டே" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்.

எங்களுக்கும் மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. நொங்கு வண்டி ஓட்டினோம். ஏரி வற்றும்போது சேற்றில் இறங்கிக் கெண்டை பிடித்தோம். கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து விளையாடினோம். ஆனால் நொங்கு வண்டியை எந்த முனையில் திருப்ப வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஆறு வயதுக்குள் கால்களே அதைக் கற்றுக்கொண்டிருந்தன. குழந்தைப் பருவத்தை நினைத்து ஏங்குவது வேறு, ஊரை நினைத்து ஏங்குவது வேறு. முதலாவது எல்லோருக்கும் உரியது. இரண்டாவது, ஆலமரத்து மேடையில் உட்கார முடிந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

இதை அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே பேசிவிட்டார். கிராமத்தைப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்த அவர், அரசமைப்பு வரைவு கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். அப்படியானால் அந்தத் தனிமனிதர் ஊரைவிட்டு வெளியேற வழி எது? நம்மில் பலருக்கு அந்த வழி, ஓர் ஆதிதிராவிடர் நல விடுதியின் வாசல்.

ஆறாம் வகுப்பில் ஒரு டிரங்குப் பெட்டி, பாய், தட்டு ஆகியவற்றோடு தாலுகா நகரத்து விடுதிக்குப் போனேன். மூன்று அறைகளில் அறுபது பேர். கதவில்லாத இரண்டு கழிப்பறைகள். விரலிடுக்கெல்லாம் சிரங்கு. பதிவேட்டில் இருந்த மாணவர்கள் தரையில் படுத்தவர்களைவிட எப்போதும் அதிகம். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் சாம்பாரில் பருப்பு தென்படும். காப்பாளரின் முகத்தையும் அன்றுதான் பார்ப்போம். இதையெல்லாம் 'கஷ்டப்பட்டால்தான் முன்னேற முடியும்' என்று பெருமை பேசுவதற்கில்லை. ஒரு குழந்தையின் சோற்றைத் திருடுவது திருட்டுதான்.

ஆனால் அதே இடத்தில்தான் "நீ எந்தத் தெரு?" என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் இருந்த ஒற்றைக் குழல்விளக்குக்குக் கீழே எங்களை உட்காரவைத்து இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவர் எவருமில்லை. விடுதியிலிருந்து போகிறவர்களைக் கண்ணால் பார்த்தேன். ஏப்ரல் 14 என்றொரு நாள் இருப்பதும் அங்கேதான் தெரிந்தது.

இந்த விடுதிகள் அரசு போட்ட பிச்சை அல்ல. சாதி ஒழிப்பு இயக்கம் கட்டியெழுப்பிய கருவி. கோலாப்பூரில் சாகு மகாராஜ் 1901 முதல் பல சமூக மாணவர்களுக்கும் விடுதிகள் திறந்தார். அம்பேத்கர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஊரைவிட்டு வெளியே வந்து தங்க ஓர் இடம் இல்லாவிட்டால், படிப்புரிமை என்பது ஏட்டுச் சுரைக்காய் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தங்கிப் படிக்கும் இடம் எல்லாமே விடுதலை தந்துவிடாது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். பொதுப்பணத்தில் நடந்த அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர்கள் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். 1925இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறிய பின்னணியில் இந்தப் பந்திச் சண்டையும் உண்டு. ஊரின் சாதி கல்விக்கூடத்துக்குள் வருகிறதா, வாசலிலேயே நிற்கிறதா? பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்றும் அதே கேள்விதான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதியை நீக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு, நல விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று அறிவித்தது.

பெயர் மாற்றத்தை வரவேற்கிறேன். வகுப்பில் "ஆஸ்டல் பசங்க எழுந்திருங்க" என்று ஆசிரியர் சொல்லும்போதெல்லாம், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தது எங்கள் சாதியைத்தான். ஆனால் பலகையை மாற்றிவிட்டுச் சுவரை அப்படியே விட்டால், நாளை புதுப் பெயரும் வசவாகிவிடும்.

பள்ளி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாக உயர்ந்தது. கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைக்குப் பகிர்ந்தால் வேளைக்குப் பதினைந்து, பதினாறு ரூபாய். உங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு டீயும் வடையும் என்ன விலை?

எனவே கோரிக்கைகள் எளியவை. உணவுப்படி விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். காப்பாளர் விடுதியிலேயே தங்க வேண்டும். கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, நூலகம், பெண்கள் விடுதிக்குப் பாதுகாப்பு ஆகியவை வேண்டும். எல்லாச் சமூகப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் விடுதிகள் வர வேண்டும். அதற்காகப் பட்டியல் சமூக மாணவர்களின் ஓர் இடமோ ஒரு ரூபாயோ குறையக் கூடாது.

விடுதியில் படித்து வேலைக்குப் போன தோழர்கள் தாம் தங்கிய இடத்தின் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் ஊர் விடுதியில் எத்தனை பேர் தங்குகிறார்கள், எத்தனை பேருக்குச் செலவுக் கணக்கு எழுதப்படுகிறது என்று கேளுங்கள். பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நேரில் போய்த் தட்டைப் பாருங்கள்.