பாஞ்சாலங்குறிச்சியும் மின்நூல் நிலையமும்

1801ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனியார் தரைமட்டமாக்கினர். அவ்விடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இச்சீமையில் இன்றும் வழங்கும் செய்தி. அப்போரில் கம்பெனிச் சேனையில் நின்ற வெல்ஷ் துரை, 1830ல் லண்டனில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைக் கோவில்பட்டி வாலிபர் ஒருவர் இன்று கைபேசியில் காசு கொடாமல் வாசிக்கலாம். கால்டுவெல் 1881ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமும் அவ்வாறே கிடைக்கிறது. முன்பு இவற்றைக் காண விரும்பியவர் பெரிய பட்டணங்களின் புஸ்தகசாலைகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இவ்வுபகாரத்தை நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

ஆனால், வென்றவர் எழுதியது இணையம் ஏறிவிட்டது. தோற்றவர் பாடியவை அத்தனையும் ஏறினவா? கட்டபொம்மன் கதைப்பாடலையும் கூத்தையும் நா. வானமாமலை அவர்கள் அரும்பாடுபட்டுப் பதிப்பித்தார். அவர் கைக்கு எட்டாத ஏடுகளும், கும்மிப் பாட்டுகளும், திருவிழாக் கடைகளில் விற்ற சிறு பதிப்புகளும் கரிசல் கிராமங்களின் பரண்களில் இன்னும் இருக்கக்கூடும். கரையான் நமக்காகக் காத்திராது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் நேர்வதென்ன என்பதை 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தமிழுலகம் கண்டது. அதன்பின் 2005ல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தார், எந்தச் சர்க்காரையும் எதிர்பாராமல், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கில் இணையத்தில் சேர்த்திருக்கிறார்கள். நமக்கோ 1948ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டமே இருக்கிறது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் கொடுத்து வருகிறோம். (வசூலித்த ஸ்தல ஸ்தாபனங்கள் அதை ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில் காட்டும் தாமதம் தனிக் கதை.)

கிளை நூலகங்களில் கணினி வைத்தாயிற்று என்று அதிகாரிகள் திருப்தியடைவது போதாது. வெளியார் விற்கும் மின்நூல்களுக்குச் சந்தா கட்டுவதும் போதாது. விலைக்கு வாங்கிய காகிதப் புஸ்தகம் நூலகத்தின் சொத்து. சந்தா நூல்களிற் பலவோ வெறும் குத்தகைச் சரக்கு. பணம் கட்டாத வருஷம் அலமாரி காலி!

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டித் தாலுகாக்களில் தலைக்கு ஒரு படமெடுக்கும் கருவியும், அதை இயக்கப் பயின்ற ஓர் ஊழியரும் வேண்டும். வீட்டாரின் ஏட்டைப் பறிக்க வேண்டியதில்லை. அவர்கள் கண்முன்னே படமெடுத்து அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு பிரதி ஜில்லா நூலகத்திலும், மற்றொன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இருக்கட்டும். தூத்துக்குடி ஜில்லா நூலக ஆணைக்குழுவினர் வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குத் தொகை ஒதுக்க வேண்டுமென்று கோருகிறோம்.