தூரிகை துடைக்க எதைக் கொடுப்பது?

பெயிண்ட் விற்கும் நம் வணிக நண்பர்களுக்குப் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்பெனி டப்பா, எந்த எண் வண்ணம், எத்தனை அங்குல பிரஷ் என்று வாடிக்கையாளரிடம் அக்கறையோடு கேட்போம். அந்தப் பிரஷைத் துடைக்க என்ன வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்பதில்லை. அவராகக் கேட்டால் கைக்கு அகப்பட்ட கழிவுத் துணியில் ஒரு பிடியைப் பையில் திணித்து அனுப்புகிறோம். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வாங்குபவரின் வேலையும், அவர் வீட்டின் பாதுகாப்பும், நம் கடையின் பெயரும் இதில் அடங்கியிருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

மேலநீலிதநல்லூர் போன்ற ஊரில் எண்ணெய் வண்ணம் வாங்குவோர் யார் என்று முதலில் பார்ப்போம். கொடை விழா நெருங்கும்போது சுடலைமாடன், அய்யனார் சிலைகளுக்கு வண்ணம் தீட்ட வருகிறவர் ஒருவர். கதவுக்கும் ஜன்னலுக்கும் ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், வார்னிஷ் பூசும் ஆசாரி ஒருவர். ஆயுத பூஜைக்கு முன் டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர். ஊரிலேயே கல்லூரி இருப்பதால், ஓவியம் பழக ஆசைப்பட்டு டியூப் வண்ணம் கேட்டு வரும் மாணவரும் உண்டு. காலண்டர் ஓவியத்துக்குப் பேர்பெற்ற கொண்டையராஜு வாழ்ந்த கோவில்பட்டி நமக்குத் தொலைவில் இல்லை. தூரிகை நம் பகுதிக்குப் புதிதல்ல.

இவர்களில் சிலைக்குக் கண் திறக்கும் ஓவியரை எண்ணிப் பாருங்கள். மெல்லிய பிரஷின் முனையில் ஒரு நூலிழை ஒட்டியிருந்தால் போதும். கண்ணின் கோடு இரண்டாகப் பிளந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் ஒட்டிய பஞ்சு, வண்ணத்தோடு சேர்ந்தே காய்ந்து விடும். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பிரஷ் துடைக்கும் பொருளுக்கு இருக்க வேண்டிய முதல் குணம் பஞ்சு உதிராமை. இரண்டாவது, எண்ணெயை உறிஞ்சுதல். மூன்றாவது, கையில் கிழியாமை. விலை இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

நம் கடைகளில் கிடைப்பவற்றை இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்ப்போம்.

நாளிதழ்த் தாள் செலவில்லாதது. பிரஷில் அப்பியிருக்கும் கெட்டி வண்ணத்தை முதலில் வழித்தெடுக்க அது போதும். ஆனால் நாளிதழின் மை எண்ணெய் கலந்தது. டர்பன்டைன் பட்டால் இளகும். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் வண்ணம் தீட்டும் பிரஷை அதில் கடைசியாகத் துடைத்தால் வண்ணம் மங்கிவிடும்.

ஓட்டல் மேஜையில் வைக்கும் மெல்லிய டிஷ்யூ தாள் இந்த வேலைக்கு ஆகாது. மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருப்பதற்காகச் செய்யப்பட்டது அது. பிரஷின் முடியில் சிக்கித் துணுக்குத் துணுக்காக உதிரும். சமையலறை டவல் ரோல் என்று விற்கப்படும் தடித்த தாள் வேறு சாதி. ஈரத்திலும் நார்கள் பிடிப்பு விடாமலிருக்க அதில் பிசின் சேர்க்கிறார்கள். காகித டவலுக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. நம் பக்கத்துக் கடைகளுக்கு அது வந்தது பிற்பாடுதான்.

இங்கே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. காகித நார்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பைத் தண்ணீர் தளர்த்தும். எண்ணெயும் டர்பன்டைனும் அப்படித் தளர்த்துவதில்லை. ஆகவே டர்பன்டைனில் நனைத்த பிரஷைத் துடைக்கும்போது சாதாரணத் தாளும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். கடைசியில் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிய பிரஷை ஒற்றி எடுக்கும்போதுதான் விலை கூடிய ரோலின் அருமை தெரியும். எல்லா வேலைக்கும் அந்த ரோலையே வாங்குங்கள் என்று சொல்வது வியாபாரமாக இருக்கலாம், நேர்மையாக இராது.

துணிக்கு வருவோம். மெக்கானிக் கடையில் கை துடைக்கும் நூல் கழிவு, பிரஷுக்குப் பகை. இழை இழையாகப் பிரிந்து முடியோடு பின்னிக்கொள்ளும். திருப்பூர் பனியன் துண்டு நல்லது. ஆனால் பருத்தியாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில்தான் பிரஷிலிருந்து இன்னும் வண்ணம் இறங்குகிறதா என்று தெரியும். பாலியஸ்டர் கலந்த துண்டு எண்ணெயை உறிஞ்சாமல் பூசிவிடும். மூட்டை வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும். ஜவுளிக்கடை நண்பர்களுக்கு இது பழைய பாடம். ஹார்டுவேர் கடைக்காரரும் கற்றுக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது பலமுறை துவைத்து நைந்த பழைய பருத்தி வேட்டி. பஞ்சு முழுதும் உதிர்ந்து போனது, மிருதுவானது, காசில்லாதது. அது வீட்டில் இருக்கிறதா என்று வாடிக்கையாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒரு ரோல் விற்பனை போனாலும், அடுத்த ஆண்டு கொடைக்குப் பெயிண்ட் வாங்க அவர் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறமாட்டார். வணிகருக்கென்றே வள்ளுவர் ஒரு குறளை நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்ததன் காரணமும் இதுதானே!

இனிச் சொல்லப்போவது லாப நஷ்டத்தைவிடப் பெரியது. ஆளி விதை எண்ணெய் தண்ணீர் உலர்வது போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் உண்டாகிறது. துணியை விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளுக்குள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலேயே துணி பற்றிக்கொள்ளும். காகித டவலுக்கும் இதே கதிதான். எனாமல் பெயிண்டிலும் இப்படி இறுகும் எண்ணெய் உண்டு. அபாயம் குறைவென்றாலும் அடியோடு இல்லையென்று சொல்வதற்கில்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டிடம் தீப்பிடித்தது. 22வது மாடியில் மர வேலைக்குப் பயன்படுத்திவிட்டுப் போட்டுச் சென்ற லின்சீட் ஆயில் துணிகளிலிருந்து தீ கிளம்பியது. 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். சேதமடைந்த கட்டிடத்தைப் பின்னர் இடித்தே தீர்த்தார்கள். அவ்வளவு பெரிய கட்டிடத்துக்கு நேர்ந்தது, ஓலைப் பந்தலும் வைக்கோல் படப்பும் உள்ள நம் வீடுகளுக்கு நேர எவ்வளவு நேரம் ஆகும்?

அத்துடன் டர்பன்டைன் சுமார் 35 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் சித்திரை வெயில் அதைத் தாண்டுவது. பல கடைகளில் துணி மூட்டை இருப்பது டர்பன்டைன் அடுக்குக்குக் கீழேதான். முதலில் அதைப் பிரித்து வையுங்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு நெருப்பைப் பற்றி வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே லின்சீட் ஆயில், வார்னிஷ், எனாமல் ஆகியவற்றை விற்கும் ஒவ்வொரு கடையிலும் பில்லோடு நான்கு வாக்கியம் சொல்லியனுப்ப வேண்டும் என்று வேண்டுகிறோம். துடைத்த துணியையும் தாளையும் சுருட்டி வைக்காதீர்கள். வெட்டவெளியில், குழந்தைகள் எட்டாத இடத்தில், ஒற்றை மடிப்பாக விரித்துக் காயப் போடுங்கள். முடியாவிட்டால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் விட்டு அமிழ்த்தி வையுங்கள். அந்தத் துணியால் கையையோ பாத்திரத்தையோ துடைக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஓவியர் பயன்படுத்தும் சில வண்ணங்களில் ஈயம், காட்மியம் போன்றவை இன்னும் உண்டு. டியூபின் மேலுள்ள எச்சரிக்கையை மாணவருக்குப் படித்துக் காட்டுவதும் நம் வேலையே.

வணிக முறையில் ஒரு யோசனை. பனியன் துண்டை மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பதை விட, தேர்ந்தெடுத்த வெள்ளைப் பருத்தித் துண்டுகளை வாடிக்கையாளர் முன் எடை போட்டுக் கொடுங்கள். முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்தால் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும். காகித ரோல் விற்போர் உருளையின் பருமனைக் காட்டி விற்காமல், எத்தனை தாள், எத்தனை அடுக்கு என்று உறையில் உள்ளதைக் காட்டி விற்கட்டும். உள்ளே காற்றும் அட்டைக் குழலும்தான் பாதி என்பது வாங்கியவருக்கு வீட்டில் தெரியத்தானே போகிறது!

பெயிண்ட் டப்பாவில் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால் துடைக்கும் துணியில் கிடைப்பது சொற்பம். ஆனால் டப்பாவைப் பற்றிக் கம்பெனியின் விளம்பரமே எல்லாம் சொல்லிவிடுகிறது. துணியைப் பற்றிச் சொல்ல கடைக்காரரைத் தவிர வேறு ஆள் இல்லை. வரும் கொடைக் காலத்துக்குச் சரக்கு எடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு பெயிண்ட், ஹார்டுவேர் வணிகர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.