பாடபேதம் காட்டும் விசை

கவிதைக்கும் கதைக்கும் என்று வைத்திருக்கிற இந்தப் பக்கத்தைக் கணினி விளையாட்டுக்கு ஒதுக்குவதா என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் சிலர் இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. எனினும் ஒரு பிரதியை அது பிறந்த காலத்திலிருந்து பெயர்த்தெடுத்து வேறொரு காலத்தவர் கையில் கொடுக்கும் காரியம், அந்தப் பிரதி ஓலையில் இருந்தாலும் காகிதத்தில் இருந்தாலும் காந்தத் தகட்டில் இருந்தாலும், ஒரே தர்மத்துக்குக் கட்டுப்பட்டது என்பது நம் அபிப்பிராயம். இருபது முப்பது வருஷங்களுக்கு முந்திய சாகச விளையாட்டுகளைத் தேடியெடுத்து, இன்றைய திரைக்கு ஏற்பப் புதுப்பித்து, ரீமாஸ்டர் என்று பெயரிட்டு விற்கும் வழக்கம் மேல்நாட்டில் வேரூன்றிவிட்டது. அவற்றுள் சிலவற்றைப் பழையதும் புதியதுமாக ஆடிப் பார்த்ததில், பதிப்புத் தொழிலைப் பற்றிப் பெரிய நூல்களும் சொல்லாத ஒரு பாடத்தை ஒரு சிறு விசை சொல்லக் கண்டோம். அதைப் பகிர்ந்துகொள்வதே இந்தத் தலையங்கத்தின் நோக்கம்.

பாயின்ட் அண்ட் கிளிக் என்று ஆட்டக்காரர்கள் வழங்கும் இந்த வகையில் அவசரத்துக்கு இடமில்லை. மவுஸின் அம்புக்குறியைத் திரையில் தெரியும் கதவின் மேலோ கயிற்றின் மேலோ மனிதனின் மேலோ நிறுத்திச் சொடுக்க, அதனால் ஒரு சம்பவம் விளைய, அந்தச் சம்பவத்திலிருந்து அடுத்த புதிர் பிறக்க, இவ்விதம் கதை ஆட்டக்காரரின் புத்தியைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல நகரும். 'கிங்ஸ் குவெஸ்ட்' வெளிவந்த 1984-இல் ஆட்டக்காரர் தாம் செய்ய விரும்புவதை வாக்கியமாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது; கதவைத் திறப்பதைவிடக் கணினிக்குப் புரியும் சொல்லைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் இருந்த ரான் கில்பர்ட், கேரி வின்னிக்குடன் சேர்ந்து 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' விளையாட்டை உருவாக்கியபோது, அந்த வினைச்சொற்களையெல்லாம் திரையின் அடியில் பட்டியலாகவே போட்டுவிட்டார்: கொடு, எடு, திற, மூடு, படி, தள்ளு, இழு. வினையைச் சொடுக்கிப் பிறகு பொருளைச் சொடுக்கினால் வாக்கியம் முடிந்தது. அந்த ஒரு விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட ஸ்கம் என்னும் கருவி, பிறகு பத்தாண்டுக் காலம் அந்த நிறுவனத்தின் சாகச விளையாட்டுகளுக்கு அஸ்திவாரமாக இருந்தது.

அந்த அஸ்திவாரத்தின் மேல் 1990-இல் எழும்பியது 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. கடற்கொள்ளைக்காரனாக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு கரீபியத் தீவொன்றில் வந்திறங்கும் கைபிரஷ் திரீப்வுட் என்ற அசட்டு வாலிபனின் கதை அது. அவன் பெயர் வந்த விதம் விசித்திரமானது. பெயர் சூட்டப்படாத நாளில் அவனை வெறுமனே 'ஆள்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் 'கை' என்று அழைத்து வந்தார்கள். படம் வரையும் மென்பொருள் அவ்வுருவத்தை பிரஷ் என்னும் வகைக் கோப்பாகச் சேமிக்க, இரண்டும் சேர்ந்து கோப்பின் பெயரே கதாநாயகனின் நாமதேயமாகிவிட்டது. எந்தக் கருவியால் வரையப்பட்டானோ அந்தக் கருவியின் முத்திரை அவன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை, அவனுக்குப் புதிய உடல் தரப் புகுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

விளையாட்டின் பெட்டிக்குள் ஒரு காகிதச் சக்கரம் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இரண்டு வட்ட அட்டைகள். ஒன்றில் கொள்ளையரின் மேல்முகம், மற்றதில் கீழ்முகம். விளையாட்டைத் தொடங்கியதும் திரையில் ஒரு முகம் தோன்றி, இந்தக் கொள்ளையன் இன்ன ஊரில் எந்த வருஷம் தூக்கிலிடப்பட்டான் என்று கேட்கும். சக்கரத்தைச் சுழற்றி, நெற்றியையும் தாடையையும் பொருத்தி, அந்த ஊரின் பெயருக்குக் கீழே வெட்டிய சிறு துவாரத்தில் தெரியும் ஆண்டைத் தட்டச்சு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்கென்று வைத்த பூட்டு அது. கொள்ளையர் கதைக்குத் திருட்டைத் தடுக்கும் சாவியையும் கொள்ளையர் முகத்திலேயே வைத்த ரஸிகத்தனத்தை என்னென்பது! இந்தச் சக்கரத்தை எந்த ரீமாஸ்டரில் எப்படிக் கொண்டுவருவது?

இன்னொன்று சொல்கிறோம். காட்டில் ஒரு மரத்தின் அடிக்கட்டை. அதைச் சோதித்தால் உள்ளே சுரங்கப் பாதை இருப்பதாகக் கைபிரஷ் வியப்பான். உடனே கணினி 22-ஆம் தகட்டைச் செருகச் சொல்லும், பிறகு 36-ஆவதை, பிறகு 114-ஆவதை. அத்தனை ஃப்ளாப்பி டிஸ்க் யாரிடமும் கிடையாது. ஒரு விளையாட்டுக்காகத் தகடுகளை மாற்றி மாற்றிச் செருகிச் சலித்தவர்களைப் பார்த்துச் செய்த பரிகாசம் அது. பரிகாசம் என்று உணராத சிலர் தங்கள் பெட்டியில் தகடு குறைகிறதென்று நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டதாகச் சொல்வார்கள். சிடி வடிவம் வந்தபோது அந்த அடிக்கட்டை நகைச்சுவை நீக்கப்பட்டுவிட்டது. தகடே இல்லாத இடத்தில் தகட்டைப் பற்றிய சிரிப்புக்கு ஆதாரம் ஏது? ஒரு சிருஷ்டியின் சில பகுதிகள் அதன் காலத்தின் சடப்பொருளோடு எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்கு அகப்படவில்லை.

படத்தின் விஷயமும் அப்படித்தான். அன்றைய திரைக்கு அகலத்தில் 320 புள்ளிகள், உயரத்தில் 200. அந்தத் திரையோ நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த கண்ணாடிக் குழாய். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் அகலத்தைவிட உயரத்தில் ஐந்திலொரு பங்கு நீண்டு நின்றது. ஓவியர் வட்டமாக வரைந்த நிலாவை இன்றைய சதுரப் புள்ளித் திரையில் கணக்குப் பாராமல் போட்டால் அது தலையில் தட்டிய பூசணிக்காயாகிவிடும். 16 நிறங்களுக்கு மேல் கிடையாத நாளில், இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, கண்ணாடிக் குழாயின் இயல்பான மங்கலில் அவை கலந்து மூன்றாவது நிறமாகத் தெரியும்படி செய்தார்கள். ஆகவே மூலம் என்று நாம் சொல்வது தகட்டில் மட்டும் இல்லை; பாதி தகட்டிலும் பாதி அந்தக் கண்ணாடியிலும் இருந்தது.

2009-இல் 'மங்கி ஐலண்ட்' சிறப்புப் பதிப்பாகப் புதுக்கோலம் பூண்டு வந்தது. பின்னணிகள் கையால் வரைந்தாற்போல் மறுபடி தீட்டப்பட்டன. இசை புதிதாக ஒலிப்பதிவாயிற்று. முன்பு எழுத்தாக மட்டும் இருந்த சம்பாஷணைக்கு நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். கணினியில் எஃப்10 என்ற விசையை அழுத்தினால் திரை மறைந்து அதே கணத்தில், அதே இடத்தில், பழைய வடிவம் எதிரே நிற்கும். மறுபடி அழுத்தினால் புதியது. துறைமுகத்து மதுக்கடையின் வாசலில் கைபிரஷை நிறுத்திவைத்து அந்த விசையை நாம் பத்துத் தடவையாவது அழுத்தியிருப்போம். புதியதில் கடலின் மேல் நிலா ஒளி தளும்புகிறது, கல்லின் விரிசல்கள்கூடத் தெரிகின்றன. பழையதில் வெளிச்சம் சில நீலப் புள்ளிகளே. ஆனால் அந்த நீலம் விட்டுவைத்த இருட்டில் நம்முடைய கற்பனை போய் உட்கார இடமிருந்தது. புதிய சித்திரத்தில் கைபிரஷின் தலைமயிர் குத்திட்டு நின்ற கோலம் பழைய ரஸிகர்களுக்கு உவப்பாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறை சொன்னவர்களுக்கும் அந்த விசையே பதிலாயிற்று: பிடிக்கவில்லையா, அழுத்து, பழையது அங்கேயே இருக்கிறது.

பழம்பிரதியைப் பதிப்பிக்கிறவர் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே வைத்து, மற்றப் பாடங்களை அடிக்குறிப்பில் கொடுப்பது நாம் அறிந்த சம்பிரதாயம். அந்த அடிக்குறிப்பு இருக்கும்வரை அவருடைய தவறுகூடத் தீங்கற்றது. பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார். எஃப்10 அப்படிப்பட்ட அடிக்குறிப்பு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்த விசை காட்டுவது 1990-இன் 16 நிறப் பிரதியை அல்ல, பின்னால் வந்த 256 நிறப் பிரதியை. பழையது என்று நாம் கும்பிடுவதும் ஒரு திருத்திய பதிப்பே.

இந்த முறையை மேலும் செம்மைப்படுத்தியவர்கள் டபுள் ஃபைன் நிறுவனத்தார். லூகாஸ்ஆர்ட்ஸ் என்று பெயர் மாறியிருந்த பழைய லூகாஸ்ஃபிலிம் கேம்ஸிலிருந்து வெளியேறிய டிம் ஷேஃபர் 2000-இல் தொடங்கிய நிறுவனம் அது. லூகாஸ்ஃபிலிமை 2012-இல் டிஸ்னி வாங்கி, மறு வருஷமே லூகாஸ்ஆர்ட்ஸில் விளையாட்டு உருவாக்கத்தை நிறுத்திவிட்ட பிறகு, தாமும் தோழர்களும் வாலிபத்தில் செய்த விளையாட்டுகளை ஷேஃபரே உரிமை பெற்று ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார். அவரும் டேவ் கிராஸ்மனும் 1993-இல் உருவாக்கிய 'டே ஆஃப் த டென்டக்கிள்' 2016-இல் மறுபிறவி எடுத்தபோது, படம், ஒலி, இயக்கும் முறை ஆகிய மூன்றையும் தனித்தனியே பழையதாகவோ புதியதாகவோ வைத்துக்கொள்ள ஆட்டக்காரருக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்தக் கதையில் மூன்று நண்பர்கள் மூன்று காலங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். 200 வருஷங்களுக்கு முன் இருப்பவன் ஒரு புட்டித் திராட்சை மதுவைக் காலப் பேழையில் வைத்துப் புதைக்க, 200 வருஷங்களுக்குப் பின் இருப்பவள் அதே பேழையைத் திறக்கும்போது மது புளித்துக் காடியாகியிருக்கிறது. ஏமாற்றமா? இல்லை, அந்தப் புதிருக்கு வேண்டியதே காடிதான். பழைய விளையாட்டுகளுக்கும் காலம் இதைத்தான் செய்திருக்கிறது. அன்று வறுமையாக இருந்த பெரிய பெரிய புள்ளிகள் இன்று ஒரு சித்திரமரபாகப் புளித்து முதிர்ந்துவிட்டன. அதை மறுபடி மதுவாக்கப் பார்ப்பவர் கதையைப் புரிந்துகொள்ளாதவர்.

அப்படியானால் எதையுமே தொடக் கூடாதா? அதுவும் நம் கட்சியல்ல. இறந்தவர்களின் உலகத்தில் பிரயாண முகவராக உழலும் மேனி கலவேராவின் கதையான 'கிரிம் ஃபான்டாங்கோ' 1998-இல் வந்தது. வேகமான கணினிகள் வந்தபின் அதில் ஒரு புதிரின் காலக்கணக்கு தவறி, ஆட்டம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. பாத்திரத்தை விசைப்பலகையால் வண்டியைத் திருப்புவதுபோல் திருப்பி நடத்தவும் வேண்டியிருந்தது. மவுஸால் நடத்த உதவும் நிரலை ஒரு ரஸிகர் தாமாகவே எழுதி வைத்திருக்க, 2015-இன் ரீமாஸ்டரைச் செய்தவர்கள் அவருடைய உழைப்பை மதித்து, அவரோடு சேர்ந்தே அம்முறையைத் தங்கள் பதிப்பில் சேர்த்தார்கள். பீட்டர் மக்கானலின் இசையை மெல்போர்ன் சிம்பனி இசைக்குழு புதிதாக வாசித்தது. ஆனால் பின்னணிச் சித்திரங்களின் சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்காக வெட்டவோ நீட்டி வரையவோ துணியவில்லை; பழைய விகிதத்திலேயே விட்டுவிட்டார்கள். இடறும் கல்லை அகற்றுவது வேறு, படியையே மாற்றுவது வேறு என்ற விவேகம் அதில் தெரிந்தது.

விவேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 'பிளேட் ரன்னர்' சாட்சி. வெஸ்ட்வுட் நிறுவனம் 1997-இல் செய்த அந்த விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோயிற்று. ஸ்கம்விஎம் என்ற பெயரில் 2001 முதல் பழைய சாகச விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓடச் செய்துவரும் தன்னார்வலர்கள், பல வருஷம் சிரமப்பட்டு, தகட்டிலிருந்த இயந்திர மொழியைப் பின்னோக்கி ஆராய்ந்து, 2019-இல் அதை உள்ளது உள்ளபடியே ஓட வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து வணிக நிறுவனமொன்று மேம்படுத்திய பதிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மழையும் புகையும் மணல்போன்ற சொரசொரப்புமாக இருந்த காட்சிகளை மழுப்பி வழுவழுப்பாக்கியதில் நகரத்தின் உயிர் கழுவிப்போய்விட்டது. அதைவிடப் பெரிய பிழை, பழைய பிரதியைத் தனியாக வாங்க வழியில்லாமல் செய்தது. ரஸிகர்கள் கொதித்தெழுந்த பிறகு பழையது மீண்டும் தனியே விற்பனைக்கு வந்தது. படத்தை மழுப்பியது ரஸக்குறைவு. பழையதை மறைத்தது அபசாரம். முன்னது மன்னிக்கத் தக்கது.

இன்றைய இளைஞருக்குப் பொறுமை கிடையாது, அவருக்குப் புள்ளிச் சித்திரத்தைக் காட்டினால் ஓடிவிடுவார் என்று வியாபாரிகள் சொல்வதை நாம் முற்றாக மறுக்கவில்லை. அவரை வாசல்வரை அழைத்துவரப் புதிய வர்ணம் உதவுமென்றால் பூசட்டும். புதிரை விடுவிக்கக் குறிப்பு வேண்டுமென்றால் குறிப்பும் கொடுக்கட்டும். ஆனால் வாசலுக்குள் வந்தவர் பழைய வீட்டைப் பார்க்க விரும்பினால் அதன் கதவு பூட்டியிருக்கக் கூடாது. பழையதைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளத் துணிந்த புதுமையே நேர்மையான புதுமை. ஒப்பிட்டுப் பார்க்க விடாத புதுமை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆக்கிரமிப்பே.

வாசகர்களில் எவரேனும் இந்த விளையாட்டுகளுள் ஒன்றைக் கையில் எடுத்தால் நம்முடைய வேண்டுகோள் ஒன்றுதான். முதல் ஒரு மணி நேரம் பழைய வடிவிலேயே ஆடுங்கள். கண் அந்தச் சில நிறங்களுக்குப் பழகட்டும். அதன்பிறகு விசையை அழுத்துங்கள்.