மொட்டைக் கடிதமும் மின்னஞ்சலும்

டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சிக்கும் ஆபாச மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். 1950-ல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை அறிந்தவர்களுக்கு டப்பா உணவு புதிதன்று. அமெரிக்காவின் ஹார்மெல் கம்பெனி 1937-ல் அத்தகைய இறைச்சி ஒன்றை 'ஸ்பாம்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி இடம் பெற்றது. சிற்றுண்டிச் சாலை ஒன்றில் எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் அந்த இறைச்சி கலந்தே வருகிறது. வேண்டாமென்று சொல்லும் பெண்ணின் குரலோ, அப்பெயரையே பாடும் கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது. வேண்டாதவர்மீது திணிக்கப்படும் மின்னஞ்சலுக்குப் பிற்காலத்தில் இப்பெயர் நிலைத்ததற்கு அக்காட்சியே காரணம்.

இவ்வஞ்சல்களில் பெரும்பாலானவை வெறும் விளம்பரக் குப்பையே. அவற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் ஆபாசப் படங்களையும், வசைமொழிகளையும், மிரட்டல்களையும் தாங்கி வருபவற்றை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் தவறு. அவற்றின் முன்னோடியை நாம் நன்கு அறிவோம். கையொப்பமில்லாத மொட்டைக் கடிதத்தால் கலங்காத ஊர் நம் நாட்டில் இராது. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் நிலையச் சட்டம், ஆபாசப் பொருள்களையும், உறைமீது இழிசொல்லோ மிரட்டலோ எழுதிய தபாலையும் அனுப்பலாகாது என்று விதித்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூன் மாதம் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மொட்டைக் கடிதம் எழுதியவன் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தபால் தலையாவது வாங்க வேண்டியிருந்தது. இன்றைய அவனது வாரிசுக்கு அந்தச் செலவும் இல்லை.

சில காலத்துக்கு முன், மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றுவந்த இளம்பெண் ஒருவருக்கு இத்தகைய அஞ்சல்கள் வரத் தொடங்கின. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் அச்சாகியிருந்த அவருடைய முகவரியே அனுப்பியவனுக்குப் போதுமானதாயிற்று. முதலிரண்டையும் அருவருப்புடன் உடனே அழித்துவிட்டார். மூன்றாவது வந்தபோது மேலதிகாரியிடம் சொன்னார். "அழித்துவிட்டு வேலையைப் பாரம்மா, இதையெல்லாம் வெளியில் சொன்னால் உனக்குத்தான் கெட்ட பெயர்" என்பது கிடைத்த பதில். அவர் தீயவர் அல்லர். நம் வீடுகளில் பெரியோர் சொல்லும் யோசனையைத்தான் அவரும் சொன்னார். பின்னர் மிரட்டல் வந்தபோது அப்பெண் போலீஸாரிடம் சென்றார். அவர்கள் முதலில் கேட்டவை பழைய அஞ்சல்களே. அவற்றில் ஒன்றுகூட மீதமில்லை.

அழித்துவிடு என்னும் யோசனை ஏன் தவறானது என்பதை அறிய, மின்னஞ்சல் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் அவசியம். 1982-ல் வகுக்கப்பெற்ற விதிமுறையின்படி, 'அனுப்புநர்' என்ற இடத்தில் எவர் பெயரையும் எழுதலாம். கடித உறையின் பின்புறம் பொய் விலாசம் எழுதுவதைப் போன்றதே அது. பின்னாளில் டிகேஐஎம், டிமார்க் முதலிய சரிபார்ப்பு முறைகள் சேர்க்கப்பட்டும் இக்குறை முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அஞ்சலும் தான் கடந்து வரும் கணினிகளின் முத்திரைகளைத் தன்மீது தாங்கி வருகிறது. தபால் நிலையங்கள் குத்தும் முத்திரைகளைப் போலவே இவை ஒன்றன்மேல் ஒன்றாக, நாளும் நேரமும் எண்முகவரியும் கொண்டு அமைந்திருக்கும். அடியிலுள்ளவற்றைச் சூழ்ச்சிக்காரன் பொய்யாகப் புனையலாம். நம்முடைய அஞ்சல் சேவையின் கணினி தானே இட்ட மேல் முத்திரையை அவனால் மாற்ற இயலாது. சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத இக்குறிப்புகள், அஞ்சலின் மூல வடிவத்தைக் காட்டும்படி கேட்டால் தோன்றும். திரையைப் படம் பிடித்து வைத்தால் இவை அதில் வாரா. மற்றொருவருக்கு அப்படியே திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலும் நழுவிவிடும்.

உணவுக் கலப்படத்தைக் கண்டறிய வரும் அதிகாரி மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரித்து, அடையாளமிட்டு, முத்திரை வைப்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் அறிவார்கள். முத்திரை உடைந்த மாதிரி எவ்வளவு கெட்டுப்போன பண்டமாயினும் வழக்கில் பயன்படாது. மின்னஞ்சலுக்கும் இதே நியாயம் பொருந்தும். மூல வடிவத்துடன் அதைக் கோப்பாகச் சேமித்துவிட்டு, அதன் பிறகே 'ஸ்பாம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வாறு அழுத்துவதால் வடிகட்டி யந்திரம் பாடம் கற்றுக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் ஜிமெயிலில் அப்பெட்டிக்குச் சென்ற அஞ்சல் 30 நாட்களில் தானே அழிந்துவிடும். பதில் எழுதுதலும், 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இணைப்பைத் தொடுதலும் கூடா; முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவை அனுப்பியவனுக்குத் தெரிவித்துவிடும். ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பற்றிய ஆபாசம் வந்தால் அதைப் பதிவிறக்குவதோ பிறருக்கு அனுப்புவதோ சட்டப்படி குற்றமாகும். அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உடனே புகார் செய்ய வேண்டும்.

புகார் செய்து என்ன பயன் என்று சலித்துக்கொள்வோர் சென்னையில் நடந்த ஒரு வழக்கை நினைவு கூர்வது நலம். மணமுறிவு பெற்ற பெண்மணி ஒருவரைப் பற்றி இழிவான செய்திகள் யாஹூ குழு ஒன்றில் எழுதப்பட்டன. அவர் பெயரிலேயே பொய்க் கணக்குத் தொடங்கி மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டன. 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். போலீஸார் அவருக்கு அறிமுகமான ஒருவரை மும்பையில் கைது செய்தனர். எழும்பூர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை இதுவே என்பர். மின்னணுச் சாட்சியமும், இணைய நிலையத்தாரின் வாக்குமூலமும் வழக்குக்கு வலுவூட்டின. அப்பெண்மணி வெட்கப்பட்டு அனைத்தையும் அழித்திருந்தால் வழக்கு எங்கே நின்றிருக்கும்?

அன்றைவிட இன்று வழி எளிது. 2001-ல் பெங்களூரில் அமைந்த கணினிக் குற்றக் காவல் நிலையமே ஒரு காலத்தில் கர்நாடகம் முழுமைக்கும் பொறுப்பேற்றிருந்தது. இன்று மைசூரிலேயே இதற்கெனத் தனி நிலையம் உண்டு. 2019 முதல் உள்துறை அமைச்சகத்தின் சைபர்கிரைம் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் பற்றியவற்றில் பெயர் தெரிவிக்காமலும் எழுதலாம். பணமோசடியானால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, குற்றம் எவ்வெல்லையில் நடந்ததெனினும் எந்தக் காவல் நிலையமும் புகாரை ஏற்க வேண்டும். மின்னணு முறையில் அனுப்பிய புகாரில் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டால் போதும். பெயரை மறைத்து மிரட்டுவோருக்குக் கூடுதல் தண்டனையும் உண்டு.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருப்பதையும் மறைப்பதற்கில்லை. 2009-ல் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவு, தொல்லை தரும் மின்னஞ்சலையும், அனுப்பியவர் யாரென்பதை மறைக்கும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியது. ஆனால் அதன் சொற்கள் எல்லையற்றவை. 2012-ல் பால்கரில் முகநூலில் கருத்துத் தெரிவித்ததற்காக இரு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் அப்பிரிவை ரத்துச் செய்தது முற்றிலும் சரியே என்பது என் அபிப்பிராயம். எனினும், பதர் போனபோது அதனுடன் சில நெல்மணிகளும் போய்விட்டன. வேண்டாத தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்தும் 2018-ஆம் ஆண்டு விதிகள் மின்னஞ்சலைத் தொடவில்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அனுப்புநர் குறிப்பைப் பொய்யாக எழுதுவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டின் ஆஸ்திரேலியச் சட்டம் பெறுபவரின் சம்மதத்தையே கேட்கிறது. கருத்தைத் தீண்டாமல், கூட்டமாக அனுப்புதலையும் பொய்ப் பெயரையும் மட்டும் பிடிக்கும் குறுகிய சட்டம் ஒன்று நமக்கும் தேவை.

அதற்கு முன்னரே நம் ஸ்தாபனங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முறைகேடான அஞ்சல் குறித்துப் புகார் பெறுவதற்கு ஒவ்வொரு வலைப்பெயரும் 'அப்யூஸ்' என்ற முகவரியை வைத்திருக்க வேண்டுமென்று 1997-லேயே இணைய விதிமுறை கூறியது. அம்முகவரி பல இடங்களில் திறப்பாரற்ற தபால் பெட்டியாகவே கிடக்கிறது. அதைத் தினமும் திறந்து படிக்க ஒரு பெண் அலுவலரையும் ஓர் ஆண் அலுவலரையும் நியமித்து, அவர்களுடைய பெயர்களை ஆய்வுக்கூட வாயிலில் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். செலவு ஒரு தாளும் நான்கு ஊசிகளும்.