ஊசிக்கு முன்னால் மாத்திரை

கருணைக்கொலை வேண்டுமா வேண்டாமா என்று தொலைக்காட்சியில் வாதாடுகிறவர்களில் புற்றுநோய் வார்டில் நைட் டூட்டி பார்த்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். “ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்ருங்க சிஸ்டர்” என்று என்னிடம் கேட்டவர்கள் அநேகம்.

அப்படிக் கேட்ட லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வாயில் புற்று. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வலியைவிட நாற்றம்தான் அவரைக் கொன்றது. பெற்ற மகளே மூக்கைப் பொத்திக்கொண்டு கஞ்சி ஊட்டுவாள். அதை அவர் பார்த்துக்கொண்டே விழுங்குவார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை கொடுத்தோம். அது மலத்தைக் கட்டும். ஆகவே கூடவே அதற்கும் மருந்து. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினோம், நாற்றம் அடங்கியது. எல்லாம் மலிவான மாத்திரைகள். அவர் பிழைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஊசி கேட்கவில்லை. யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று மகளை எழுதச் சொன்னார்.

அந்த மார்ஃபினுக்கு நாங்கள் பட்ட பாடு பெரிது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்ஃபின் எடுக்கும் ஓபியம் அரசு உரிமத்தோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. உள்ளூர் நோயாளிக்குத்தான் பஞ்சம். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் கம்பி எண்ண வேண்டுமோ என்ற பயத்தில் பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கினார்கள். பயத்தைத் திருத்த ஆளில்லை.

சட்டத்திலும் பலருக்குக் குழப்பம். ஊசி போட்டு உயிரைப் போக்குவது, நோயாளி கெஞ்சினாலும், இந்தியாவில் குற்றம். நமக்கு இருப்பது மீள வழியில்லாத நிலையில் செயற்கை சுவாசம் போன்றவற்றை வேண்டாம் என்னும் உரிமை. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு 42 வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் வழக்கில்தான் 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றது. அவருக்கு மட்டும் அனுமதிக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் விடமாட்டோம் என்றார்கள். (எங்கள் கூட்டம் அல்லவா, எனக்கு உள்ளூரப் பெருமை. அருணாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடப்பது வேறு. ஆறு மாதத்துக்குள் மரணம் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தவருக்கு உயிரைப் போக்கும் மருந்தை எழுதித் தருவார்கள், அதை அவரே உட்கொள்ள வேண்டும். 1997இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அங்கே கேட்பவர்கள் அதிகம் சொல்லும் காரணம் வலி அல்ல. தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போவது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு கணக்கு டீச்சர். நரம்பு நோயில் கைகால் போய், விழுங்குவதும் போய்க்கொண்டிருந்தது. புத்தி மட்டும் கத்தி. “வலி இல்ல சிஸ்டர். எனக்குப் போதும், அவ்வளவுதான்” என்றார். அவருக்குக் கொடுக்க என்னிடம் மாத்திரை இல்லை. அவர் கேட்டது தப்பு என்று சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அவருக்காக வரும் சட்டம் அவர் வீட்டோடு நிற்காதே! முதியவர்களைச் சத்தமில்லாமல் சாகவைக்கும் தலைக்கூத்தல் எங்கள் பக்கத்துச் சங்கதி. படுத்துவிட்ட கிழவிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். தேசிய விருது வாங்கிய ‘பாரம்’ படம் இதைப் பற்றியதுதான். இன்று யாரும் கிழவியிடம் சம்மதம் கேட்பதில்லை. சட்டம் வந்தால் கேட்பார்கள். எப்படிக் கேட்பார்கள் என்பதுதான் என் பயம். பிள்ளைக்குச் சிரமமாகக் கிடக்கிறோமே என்று எங்கள் ஊர்த் தாய் எந்தத் தாளிலும் கைநாட்டு வைப்பாள்.

ஆகவே வரிசை முக்கியம். தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மார்ஃபின் மாத்திரை இருக்கட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிக்க வீட்டுக்கு வரும் செவிலியர் வழியாக அது படுக்கைக்கே போய்ச் சேரட்டும். அது நடந்த பிறகு டீச்சருக்கான சட்டத்தைப் பேச வாருங்கள். நானும் அவர் பக்கம் உட்காருகிறேன்.

அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’லை 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023இலிருந்து இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரும் போதும். எழுதிப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு நகல் கொடுத்து, உட்காரவைத்துப் பேசுங்கள். ஐசியு வாசலில் டாக்டர் கேட்கப்போவது அவர்களைத்தான்.